கையேடு பழசாகிவிட்டதை யார் சொல்வது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழும் மலையாளமும் புழங்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று பேர் மட்டுமே உள்ள சிறு நிறுவனம். பால் சங்கங்களுக்கான கொள்முதல் மென்பொருள் எழுதுகிறார்கள். நிரல் பைத்தானில். நிரலாளர்களுக்கான குறிப்புகளை ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி கொண்டு உருவாக்குகிறார்கள். சங்கச் செயலாளர்களுக்கான கையேடு தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. இரண்டும் வேர்ட் கோப்புகள். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஒருவர் தன் மடிக்கணினியில் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டி, திரைப் படங்களை வெட்டி ஒட்டி, சர்வரில் ஏற்றுகிறார். "இதெல்லாம் தானாக நடக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதுமா?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நீங்கள் கேட்ட ஸ்கிரிப்டை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். எழுதிய கையோடு கையேட்டுக் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம். நானும் அப்படி நினைத்தவன்.

பல ஆண்டுகளுக்கு முன் சித்தூர் தாலுகாவில் நான் வேலை பார்த்த நிறுவனமும் இதே தொழிலில்தான் இருந்தது. எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பும் நீரும் தவிர்த்த திடப்பொருள்) கணக்கு உங்களுக்குத் தெரியும்: பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டரின் திருத்தப்பட்ட அளவை 4-ஆல் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கைச் சேர்த்து, கடைசியில் ஒரு மாறிலியைக் கூட்டுவோம். அந்த மாறிலி இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரு வெளியீட்டில் 0.44 என்றிருந்ததை 0.36 ஆக்கினோம். நிரல் மாறியது. சோதனைகள் தேறின. வெளியீட்டு ஸ்கிரிப்ட் கையேட்டுக்குப் புதிய தேதியிட்டு ஏற்றியது. கையேட்டின் உள்ளே 0.44 அப்படியே இருந்தது. கோபாலபுரம் பக்கத்துச் சங்கம் ஒன்றில் விவசாயி ஒருவர் கையேட்டைப் பார்த்துத் தாளில் கணக்குப் போட்டார். ரசீதில் 0.08 குறைந்தது. செயலாளர் கை வைக்கிறார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஊரே மதித்த மனிதர் அவர். மூன்று நாள் சங்கத்துப் பக்கம் வரவே கூசினார். தவறு முழுக்க எங்களுடையது. பழைய தேதி இருந்திருந்தால் அந்த விவசாயி ஒருமுறை சந்தேகப்பட்டிருப்பார். எங்கள் ஸ்கிரிப்ட் போட்ட புதிய தேதிதான் அவரை நம்பவைத்தது.

அன்றிலிருந்து நான் எந்த ஆவண வேலையைத் தானியங்கி ஆக்கினாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: நிரலும் கையேடும் பிரிந்துவிட்டால் இந்த ஏற்பாடு நிற்குமா, அல்லது அதையும் மூட்டை கட்டி அனுப்பிவிடுமா? நிற்கவேண்டும். பில்ட் (கையேட்டை உருவாக்கும் ஓட்டம்) உடையவேண்டும், சிவப்பு விளக்கு எரியவேண்டும், வெளியீடு தடைப்படவேண்டும். ஏற்றுகிற வேலை அதற்குப் பிறகு.

முதல் காரியமாக வேர்ட் கோப்புகளை விட்டு வெளியே வாருங்கள். பாண்டாக் என்ற கருவி அவற்றை எளிய உரை வடிவங்களான மார்க்டவுனாகவோ ஸ்பிங்க்ஸ் படிக்கும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டாகவோ மாற்றித் தரும். அட்டவணைகள் கொஞ்சம் கலையும். ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். பிறகு கையேட்டை நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் இடத்தில்) வையுங்கள். அங்கே பதியும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். தனிக் களஞ்சியம் வேண்டாம். மாறிலியை மாற்றுகிற கமிட்டும் கையேட்டை மாற்றுகிற கமிட்டும் ஒன்றாக இருந்தால்தான் மற்றவர் பார்வையிடும்போது ஒன்று விடுபட்டது கண்ணில் படும்.

அடுத்தது கையேட்டில் உள்ள செய்திகளை இரண்டாகப் பிரிப்பது. இயந்திரத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவை ஒரு பக்கம்: பதிப்பு எண், மாறிலிகள், அமைப்புக் கோப்பில் உள்ள தேர்வுகள், பிழைச் செய்திகளும் அவற்றின் எண்களும், பொத்தான்களின் பெயர்கள். மனிதருக்கு மட்டுமே தெரிந்தவை மறுபக்கம்: காலைப் பாலையும் மாலைப் பாலையும் ஏன் தனித்தனியாகப் பதியவேண்டும், மின்சாரம் போனால் எந்த வரிசையில் மீட்கவேண்டும் என்பவை. முதல் வகையில் ஒன்றைக்கூட யாரும் கையால் தட்டக்கூடாது. அமைப்புத் தேர்வுகளின் பட்டியலை நிரலிலிருந்தே படித்து அட்டவணையாக எழுதும் சிறு பைத்தான் நிரல் ஒன்று போதும். ஐம்பது வரியைத் தாண்டாது. பதிப்பு எண் பொதியின் விவரக் கோப்பில் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்; ஸ்பிங்க்ஸின் அமைப்புக் கோப்பு அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படி உருவாகும் அட்டவணைகளைக் களஞ்சியத்தில் சேமிப்பதா, பில்டின்போது மட்டும் உருவாக்குவதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. எச்.டி.எம்.எல். பக்கங்களையும் பி.டி.எஃப்.களையும் சேமிக்காதீர்கள். அட்டவணைகளை மட்டும் சேமியுங்கள் என்பது என் பக்கம். காரணம் உண்டு. யாராவது 0.44-ஐ 0.36 ஆக்கினால் அட்டவணையிலும் அந்த ஒரு வரி மாறி நிற்கும். பார்வையிடுபவர் நிரலைப் புரிந்துகொள்ளாவிட்டாலும் அந்த வரியைப் பார்த்து, "இதனால் ரசீதில் என்ன மாறும்?" என்று கேட்பார். அட்டவணையைப் புதுப்பிக்க மறப்பார்களே என்றால் அதற்கும் வழி எளிது. ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் சர்வர் அட்டவணைகளைப் புதிதாக உருவாக்கட்டும்; உருவானதற்கும் சேமித்திருப்பதற்கும் வேறுபாடு இருந்தால் தோல்வி என்று திருப்பும்படி கிட் டிஃப் கட்டளையை ஓட்டட்டும். மறந்தவர் உடனே பிடிபடுவார்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது ஒரு சின்ன விஷயம்தான், பலரும் இதில் மாட்டியிருக்கிறார்கள். உருவாக்கும் நிரல் ஒவ்வொரு முறையும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீட்டைத் தரவேண்டும். பட்டியலை வரிசைப்படுத்தாமல் எழுதினாலோ, "உருவாக்கிய நேரம்" என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினாலோ, எதுவும் மாறாத நாளிலும் வேறுபாடு தெரியும். பத்து நாள் பொய் அபாயச் சங்கு ஊதினால் பதினோராம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வரிசைப்படுத்துங்கள். தேதி வேண்டுமென்றால் கமிட்டின் தேதியை எடுங்கள். சோர்ஸ் டேட் எபாக் என்ற சூழல் மாறியை அந்தத் தேதிக்கு அமைத்தால் ஸ்பிங்க்ஸ் அதை மதிக்கும்.

மனிதர் எழுதும் பகுதியிலும் இயந்திரம் சரிபார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கையேட்டில் கணக்கு உதாரணம் போடுகிறீர்கள் அல்லவா: கொழுப்பு இவ்வளவு, லாக்டோமீட்டர் இவ்வளவு, ஆகவே எஸ்.என்.எஃப். இவ்வளவு என்று. அதை டாக்டெஸ்ட் வடிவில் எழுதுங்கள். பைத்தானோடு 2001-இல் வந்த வசதி அது. ஆவணத்தில் உள்ள உதாரணத்தை உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விடை வருகிறதா என்று சொல்லும். ஸ்பிங்க்ஸில் அதற்கென நீட்சி இருக்கிறது. படிப்பவருக்கு நிரல் வரிகள் தெரியாதபடி மறைக்கவும் முடியும். எங்களிடம் அன்றைக்கு அந்த ஒரே ஒரு டாக்டெஸ்ட் இருந்திருந்தால் அந்தச் செயலாளர் தலைகுனிந்திருக்கமாட்டார்.

ஸ்பிங்க்ஸை எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக எண்ணச் சொல்லி ஓட்டுங்கள். அதற்கான -டபிள்யூ (பெரிய எழுத்து W) என்ற தேர்வு எத்தனையோ திட்டங்களில் பயன்படாமலே கிடக்கிறது. உடைந்த குறுக்கு இணைப்பு அப்போது பில்டை நிறுத்தும். நீக்கிய செயற்கூற்றைச் சுட்டும் வரியும் நிறுத்தவேண்டுமென்றால் -என் (சிறிய எழுத்து n) தேர்வையும் சேருங்கள். வெளி இணைப்புகளைச் சோதிக்கும் லிங்க்செக்கை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். எங்கோ ஒரு தளம் அரைமணி நேரம் படுத்தால் உங்கள் வெளியீடு நிற்கக்கூடாது. அதை வாரம் ஒருமுறை தனியாக ஓட்டினால் போதும்.

இனி உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன்: இரண்டு மொழிகள்.

தமிழ்க் கையேடும் மலையாளக் கையேடும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும்வரை எந்த ஸ்கிரிப்டும் உங்களைக் காப்பாற்றாது. தமிழில் ஐந்தாம் படியைத் திருத்தினீர்கள், மலையாளத்தில் திருத்தவில்லை என்பதை எந்தக் கருவியும் அறியாது. இதற்காகவே 1990களிலிருந்து இருப்பது கெட்டெக்ஸ்ட். மூல ஆவணத்தின் ஒவ்வொரு பத்தியும் ஒரு சாவி. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பி.ஓ. கோப்பில் அதன் மொழிபெயர்ப்பு. ஸ்பிங்க்ஸ் தன் ஆவணங்களிலிருந்து பத்திகளைப் பிரித்துத் தரும். ஸ்பிங்க்ஸ்-இன்ட்ல் என்ற துணைக்கருவி பி.ஓ. கோப்புகளைப் புதுப்பிக்கும். மூலப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பின் மேல் 'ஃபஸ்ஸி' என்ற முத்திரை விழும். பழசாகியிருக்கலாம், ஒருவர் பார்க்கவேண்டும் என்று அதற்குப் பொருள். முத்திரை விழுந்த மொழிபெயர்ப்பை ஸ்பிங்க்ஸ் இயல்பாகப் பயன்படுத்தாது. அந்த இடத்தில் மூல மொழிப் பத்தியே அச்சாகும்.

அப்படியானால் மூல மொழி எது? ஆங்கிலம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் மூவரும் தமிழில் யோசிக்கிறவர்கள், தமிழில் எழுதுங்கள். சாவி ஆங்கிலமாக இருக்கவேண்டும் என்று கெட்டெக்ஸ்ட் கேட்பதில்லை; யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்கம் இருந்தால் போதும். ஆங்கிலத்தில் தடுமாறி எழுதி, அதைத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பெயர்த்தால், இரண்டிலும் மூன்றாம் மொழியின் வாடை அடிக்கும். 1956-இல் கேரளம் உருவானபோது நம் பகுதி அதில் சேர்ந்தது. சிறுபான்மை மொழியினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தந்தது. ஒரு பால் சங்கக் கையேட்டைத் தமிழில் யோசித்து எழுத நமக்கென்ன தயக்கம்? நிரலாளர்களுக்கான செயற்கூற்றுக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவற்றை மொழிபெயர்க்கவும் வேண்டாம்.

தமிழை மூலமாக வைத்தால் ஒரு பொறுப்பு கூடவே வரும். ஃபஸ்ஸி ஆன இடத்தில் மலையாளக் கையேட்டின் நடுவே தமிழ்ப் பத்தி நிற்கும். தமிழ் புழங்கும் எல்லையூர்களான வேலந்தாவளத்திலும் மீனாட்சிபுரத்திலும் படித்துவிடுவார்கள். ஆலத்தூர்ப் பக்கம் விற்றால் படிக்கமாட்டார்கள். ஆகவே வெளியீட்டுக்கு வாசலில் ஒரு காவல் வையுங்கள். பணம், அளவு, கணக்கு பற்றிய அத்தியாயங்களில் ஃபஸ்ஸி ஒன்று இருந்தாலும் வெளியீடு கிடையாது. அறிமுகம், நிறுவும் முறை போன்றவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் எண்ணிக்கையை அறிக்கையில் காட்டிவிட்டுப் போகலாம். மொழிபெயர்ப்பு எண்ணிக்கைகளை ஸ்பிங்க்ஸ்-இன்ட்ல் கோப்புவாரியாகத் தருகிறது. அதைப் படித்து முடிவெடுக்கப் பத்து வரி நிரல் போதும்.

பொத்தான்களின் பெயர்களையும் இதே வழியில் கட்டுங்கள். உங்கள் மென்பொருளின் திரையில் 'பதிவு செய்' என்றிருக்கும். கையேடு எழுதியவர் 'சேமி' என்று எழுதியிருப்பார். திரையின் மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்தே பெயர்களை எடுத்து, ஸ்பிங்க்ஸின் பதிலீட்டு வசதியால் கையேட்டில் செருகுங்கள். திரையில் பெயர் மாறினால் கையேட்டிலும் மாறும்.

இயந்திர மொழிபெயர்ப்பை நடுவில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் வரைவுக்கு வைக்கலாம். ஃபஸ்ஸி முத்திரையோடு மட்டும் உள்ளே விடுங்கள், ஒருவர் படித்து முத்திரையை எடுக்கட்டும். நம் இரு மொழிகளும் அக்கா தங்கை என்பதால்தான் ஆபத்து அதிகம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தண்ணீர் கலந்த பால் பற்றிய எச்சரிக்கை தமிழில் வெள்ளம் கலந்த பால் ஆகி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். கையேட்டில் திரும்பத் திரும்ப வரும் இருபது முப்பது சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல் வைத்து, மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் வந்திருக்கிறதா என்று பில்டின்போது தேடிப் பாருங்கள். நிரல் மாற்றத்தைப் படித்துக் கையேட்டுத் திருத்தத்தை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே நிபந்தனைதான்: முன்மொழியலாம், ஏற்றக்கூடாது. எண்களைத் தொட அவற்றை விடவே விடாதீர்கள்.

எழுத்துக் குறியீட்டில் ஒரு பள்ளம் உண்டு; இரு மொழியிலும் விழுந்திருக்கிறேன். தமிழில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். தேடினால் கிடைக்காது, கிட் டிஃப்பில் வரி மாறியதாகக் காட்டும். யூனிகோடின் என்.எஃப்.சி. இயல்பாக்கத்தை ஓட்டினால் இது சரியாகிவிடும். உயிர் சேராத மெய்களைக் குறிக்கும் மலையாளச் சில்லெழுத்துகள் வேறு கதை. 2008-இல் வந்த யூனிகோட் 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்று மூன்று குறிகளால் எழுதினார்கள். இன்றும் சில விசைப்பலகைகளும் பழைய கோப்புகளும் அப்படித்தான். இவ்விரண்டையும் என்.எஃப்.சி. ஒன்றாக்காது; யூனிகோட் அவற்றைச் சமமென்று வரையறுக்கவில்லை. மூன்று குறி வரிசையைத் தனிக் குறியீடாக மாற்றும் பட்டியலை நீங்களே எழுதி, கமிட்டுக்கு முன் ஓடும்படி வைக்கவேண்டும். ன், ர், ல், ள், ண் என்று அன்றாடம் வருபவை ஐந்துதான். இதைச் செய்யாவிட்டால் சொற்பட்டியல் சோதனை காரணம் தெரியாமல் தோற்கும், பி.ஓ. கோப்பில் எதுவுமே மாறாத பத்திகளில் மாற்றம் தெரியும்.

பி.டி.எஃப். உங்களுக்குக் கட்டாயம் தேவை. சங்கங்களில் கையேட்டை அச்சிட்டு எடைமேசைக்கு அருகில் மாட்டுகிறார்கள். ஸ்பிங்க்ஸ் இயல்பாகப் பயன்படுத்தும் அச்சுக்கோப்பு நிரலான பி.டி.எஃப்.லேட்டெக் தமிழுக்கு உதவாது. ஸீலேட்டெக் என்று மாற்றி, தமிழுக்கு நோட்டோ, மலையாளத்துக்கு மஞ்சரி போன்ற யூனிகோட் எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். எழுத்துருக் கோப்பைக் களஞ்சியத்திலேயே வையுங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியில் அழகாக வந்த கையேடு சர்வரில் கட்டம் கட்டமாக வரும்.

திரைப் படங்களைப் பற்றிச் சுருக்கமாக: உலாவியைத் தானாக இயக்கும் பிளேரைட் அல்லது செலினியம் கொண்டு மென்பொருளை ஓட்டி, குறிப்பிட்ட திரைகளைப் படமெடுக்கச் சொல்லலாம். மொழிக்கொரு படக் கோப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி ஸ்பிங்க்ஸில் உண்டு. படத்தில் தெரியும் விவசாயி பெயரும் வங்கிக் கணக்கும் கற்பனையாக இருக்கவேண்டும். சோதனைத் தரவைத் தவிர வேறெதையும் அந்தக் கணினிக்குக் கொடுக்காதீர்கள். முடிந்தவரை படங்களைக் குறைப்பதே நல்லது.

இவ்வளவும் ஆன பிறகு நீங்கள் கேட்ட ஸ்கிரிப்ட். களஞ்சியம் மாறும்போது வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை கிட்ஹப் ஆக்ஷன்ஸோ கிட்லேப்போ, எதுவானாலும் வேலை ஒன்றே. மாற்றம் முன்மொழியப்படும்போது எல்லாச் சோதனைகளும் ஓடட்டும். முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் உள்பார்வைக்கான தளம் புதுப்பிக்கப்படட்டும். பதிப்புக் குறி இட்டால் மட்டும் பொதுவில் ஏறட்டும். உருவாக்கிய கோப்பை இயந்திரமே திரும்பக் கமிட் செய்யும்படி வைக்காதீர்கள். ஒருவரின் சொந்த அணுகல் சாவியைப் பயன்படுத்தி அப்படிச் செய்தால், அந்தக் கமிட்டே மறுபடி வேலையைக் கிளப்பி முடிவில்லாமல் சுற்றும். கிட்ஹப் தானே தரும் தற்காலிகச் சாவியில் இந்தச் சுழற்சி நேராது என்றாலும், யாரும் பார்க்காத கமிட் கையேட்டுக்குள் போவது எனக்கு உவப்பில்லை.

ஏற்றுவதில் ஒன்று கவனியுங்கள். எல்லாச் சங்கமும் ஒரே நாளில் புதிய பதிப்புக்கு வராது. ஓராண்டு பழைய பதிப்பை ஓட்டும் சங்கம் கட்டாயம் இருக்கும். தளத்தில் புதிய கையேடு மட்டும் இருந்தால் அவர்களுக்கு அது தவறான கையேடு. பதிப்புவாரியாகப் பழைய கையேடுகளையும் தளத்தில் விட்டுவையுங்கள். அதைவிட நல்லது, நிறுவும் பொதிக்குள்ளேயே கையேட்டை வைத்து அனுப்புவது. மென்பொருளின் உதவிப் பொத்தானை அழுத்தினால் அதே பதிப்பின் கையேடு திறக்கும். இணையம் அறுந்த நாளிலும் திறக்கும்.

எங்கே தொடங்குவது? நாளைக் காலையே -டபிள்யூ தேர்வைப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நூறு பிழை வந்தாலும் அசராதீர்கள். ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் கணக்கு உதாரணங்களை டாக்டெஸ்டாக்குங்கள். கெட்டெக்ஸ்டுக்கு மாற ஒரு மாதம் பிடிக்கும்; மலையாளம் நன்கு அறிந்த ஒருவருக்கு அதற்காகச் சம்பளம் கொடுங்கள், நட்புக்காகக் கேட்காதீர்கள். பி.ஓ. கோப்புகளைத் திருத்த உதவும் போஎடிட் என்ற கருவியைக் காட்டிக்கொடுத்தால் கிட் தெரியாதவரும் ஃபஸ்ஸி பத்திகளை மட்டும் வடிகட்டிப் பார்த்துவிடுவார்.

கையேட்டின் ஒவ்வொரு பக்க அடியிலும் பதிப்பு எண்ணையும் கமிட் எண்ணின் முதல் ஏழு எழுத்தையும் அச்சிடுங்கள். ஏதோ ஒரு சங்கத்திலிருந்து செயலாளர் கூப்பிட்டு, "ரசீதும் புத்தகமும் ஒத்துவரவில்லையே" என்பார். "அண்ணா, கையில் இருக்கும் தாளின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் படித்துச் சொல்லும் அந்த ஏழு எழுத்தை வைத்து, அந்தத் தாள் அச்சான அன்று நிரலில் இருந்த மாறிலியைத் தொலைபேசியிலேயே அவருக்குச் சொல்லிவிடலாம்.